பொதுச்சொல்லும் தனியுரிமையும்: வணிகக்குறிப் பதிவேட்டில் உரிமைத் துறப்பின் வரலாறு

வணிகக்குறிப் பதிவேடு வழக்கறிஞருக்கும் வணிகருக்கும் உரிய ஆவணம் என்பது பொதுவான கருத்து. மொழியியல் நோக்கில் அதற்கு வேறொரு முகமும் உண்டு. ஒரு சமுதாயத்தின் சொற்களுள் எவை ஒருவருக்குத் தனியுரிமை ஆகலாம், எவை ஆகக்கூடாது என்பதை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்து பதிந்துவரும் ஏடு அது. அகராதி ஒரு சொல்லின் பொருளைச் சொல்லும். பதிவேடோ அச்சொல்லை யார் எந்தப் பண்டத்தின்மீது தமக்கே உரியதாக எழுதிக்கொள்ளலாம் என்பதைச் சொல்லும்.

அப்பதிவேட்டில் மொழியாராய்ச்சியாளர் கருதத்தக்க பகுதிகள் மூன்று. முதலாவது, குறியாக அமைந்த சொல். இரண்டாவது, அச்சொல் வேற்றுமொழியினதாயின் விண்ணப்பதாரர் தரும் மொழிபெயர்ப்பு. மூன்றாவது, குறியில் அடங்கிய இன்ன சொல்லின்மீது தமக்குத் தனியுரிமை இல்லை என ஒப்பும் உரிமைத் துறப்பு. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. அவற்றின் வரலாற்றையும், தமிழ்ச்சொற்களுக்கு அதனால் நேரும் நன்மை தீமைகளையும் எடுத்துரைப்பது இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் கலைச்சொல் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘டிஸ்கிளெய்மர்’ என்னும் ஒரே சொல் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. முதலீட்டு விளம்பரத்தின் அடியில், விளைவுக்குத் தாம் பொறுப்பாளர் அல்லர் என்று ஒரு நிறுவனம் அறிவிப்பது ஒன்று. வணிகக்குறி விண்ணப்பத்தில், இச்சொல்லின்மீது தனியுரிமை கோரவில்லை என்று ஒருவர் எழுதிக்கொடுப்பது மற்றொன்று. முன்னதைத் தமிழில் பொறுப்புத் துறப்பு என வழங்குகிறோம். பின்னதை அப்பெயராற் குறிப்பது பிழையாகும். அங்கே துறக்கப்படுவது உரிமையே. ஆதலின் அதனை உரிமைத் துறப்பு எனல் தகும். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக் காட்டுவது இங்கே தெளிவுக்குத் துணைசெய்கிறது.

இடுகுறியும் காரணமும்

வணிகக்குறிச் சட்டத்தின் அடிப்படைப் பாகுபாட்டைத் தமிழிலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் பெயர்ச்சொல்லை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என மேலும் பிரிக்கிறது. மரம் என்பது காரணம் காட்டாது வழங்கும் பொதுப்பெயர். பனை என்பது அவ்வாறு வழங்கும் சிறப்புப்பெயர். பறப்பது பற்றி வந்தமையால் பறவை காரணப்பெயராயிற்று.

வணிகக்குறிச் சட்டமும் இவ்வாறே சொற்களை நிரல்படுத்துகிறது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1976இல் அபர்குரோம்பி வழக்கில் வகுத்த வரிசை இன்றும் பலராலும் எடுத்தாளப்படுகிறது. பண்டத்தின் இனப்பெயர், பண்டத்தின் தன்மையை விளக்கும் சொல், தன்மையைக் குறிப்பாகச் சுட்டும் சொல், பண்டத்தோடு தொடர்பற்றதாகவோ புதிதாகப் படைக்கப்பட்டதாகவோ உள்ள சொல் என்பன அவ்வரிசை. காரணம் எவ்வளவு வெளிப்படையோ அவ்வளவுக்குத் தனியுரிமை அரிது. பெயர் எவ்வளவு இடுகுறித் தன்மையதோ அவ்வளவுக்குத் தனியுரிமை எளிது. அரிசிக்குத் ‘தாமரை’ எனப் பெயரிட்டால் அது அரிசியைப் பற்றி ஒன்றும் கூறாது. அரிசிக்குப் ‘புழுங்கல்’ எனப் பெயரிட்டால் அது பண்டத்தின் வகையையே கூறிவிடுகிறது. ஒரு சொல் விளக்கச்சொல்லா அன்றா என்பது அது எப்பண்டத்தின்மேல் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. பழக்கடைக்காரரிடம் ‘ஆப்பிள்’ இனப்பெயர். கணினி விற்போரிடம் அதுவே இடுகுறி.

நன்னூல் உரைகாரர்கள் காட்டும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது காரண இடுகுறிப்பெயர். முள்ளுடைய செடிகள் பல இருப்பினும் முள்ளி என்னும் பெயர் அவற்றுள் ஒன்றற்கே உரியதாய் வழங்குகிறது. காரணம் பலவற்றுக்குப் பொதுவாக இருந்தும், வழக்காற்றால் பெயர் ஒன்றன்மேல் நின்றுவிட்டது. வணிகக்குறிச் சட்டம் இதனைப் பயன்பாட்டால் எய்திய வேறுபடுத்தும் தன்மை எனக் குறிக்கும். விளக்கச்சொல்லே ஆயினும், நெடுங்காலப் பயன்பாட்டால் மக்கள் அதனை ஒரு வணிகரின் அடையாளமாக அறிந்துவிட்டனர் என்று சான்றுடன் நிறுவினால் பதிவு கிடைக்கலாம். சிங்கப்பூரின் இன்றைய சட்டத்தில் ஏழாம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது.

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. இலக்கணம் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை மட்டும் ஆராயும். சட்டமோ, அச்சொல் வேறு யார்யாருக்குத் தேவைப்படும் என்றும் கேட்கும். உரிமைத் துறப்பு பிறந்தது இந்த இரண்டாம் கேள்வியிலிருந்தே.

சொல் உரிமையான வரலாறு

இங்கிலாந்தில் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் 1875இல் நிறைவேறியது. பதிவு 1876 சனவரி முதல் நாள் தொடங்கியது. முதற்குறியாகப் பதிவானது பாஸ் மதுவாலையின் செம்முக்கோணம். முதற்குறி ஓர் உருவமாக அமைந்தது பொருத்தமே. அக்காலத்து வணிகத்தில் படமே பெரிதும் அடையாளமாயிருந்தது. எழுத்தறியாதாரும் பன்மொழி பேசுவோரும் கூடிய சந்தைகளில் படம் எல்லார்க்கும் புரிந்தது. மலாய் மொழியில் முத்திரையையும் வணிகக்குறியையும் ஒருசேரக் குறிக்கும் ‘சாப்’ என்னும் சொல்லும், நம் கடைகளில் வழங்கும் ‘யானை மார்க்’, ‘சேவல் மார்க்’ போன்ற வழக்குகளும் அக்கால எச்சங்களே.

படமும் நாளடைவில் சொல்லாகும் என்பதற்கு 1882இல் பிரபுக்கள் அவை தீர்த்த ஆர் ஈவிங் வழக்கு சான்று. ஏடனுக்கும் பம்பாய்க்கும் ஏற்றுமதியான செந்நூலின் சீட்டில் இரண்டு யானைகள் வரையப்பட்டிருந்தன. அங்குள்ள மக்கள் அந்நூலை இரண்டு யானை எனப் பொருள்படும் ‘பே ஹாத்தி’ என்னும் பெயராலேயே கேட்டு வாங்கினர். வணிகர் வரைந்தது படம்; மக்கள் வழங்கியது பெயர். வேறொருவர் தம் நூலின் சீட்டிலும் இரண்டு யானைகளைப் பொறித்தபோது, அம்மக்கள் ஏமாறக்கூடும் என்பதை நீதிமன்றம் கருத்திற்கொண்டது. சொல்லின் பொருளை அதனை வழங்கும் மக்களிடம் சென்று காணவேண்டும் என்னும் நெறி அன்றே தோன்றிவிட்டது.

தனிச்சொல்லைப் பதிவதற்கு 1875ஆம் ஆண்டுச் சட்டம் குறுகிய வாயிலையே திறந்தது. சட்டத்துக்கு முன்பே குறியாக வழங்கிவந்த சொற்களுக்கு மட்டும் இடமளித்தது. 1883ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவழக்கில் இல்லாத புனைசொற்களையும் ஏற்றது. புனைசொல் எது என்பதில் குழப்பம் மிகவே, 1888இல் திருத்தம் வந்தது. புதிதாகப் படைத்த சொல் என்றும், பண்டத்தின் இயல்பையோ தரத்தையோ சுட்டாததும் இடப்பெயர் அல்லாததுமான சொல் என்றும் இரு வகைகள் வகுக்கப்பட்டன. இவ்விரு வகைகளும் சிறு மாற்றங்களுடன் பேரரசின் நாடுகள் பலவற்றுக்கும் பரவின. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்திலும் இவற்றைக் காணலாம்.

படைத்த சொல் எது? 1898இல் ஈஸ்ட்மன் நிறுவனத்தின் ஒளிப்படத்தாளுக்கு இட்ட ‘சோலியோ’ என்னும் சொல் பிரபுக்கள் அவையின் முன் வந்தது. இலத்தீனில் ஞாயிற்றைக் குறிக்கும் ‘சோல்’ அதில் அடங்கியிருத்தலின், சூரிய ஒளியாற் படமெடுக்கும் தாளை அது விளக்குகிறது என்பது பதிவலுவலரின் தடை. நீதிபதிகள் அத்தடையை ஏற்கவில்லை. வேர்ச்சொல்லை அறிஞர் தோண்டிக் காணலாம். அதனால் மட்டும் ஒரு சொல் விளக்கச்சொல் ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். வேர்ப்பொருள் வேறு, வழக்குப்பொருள் வேறு என்னும் மொழியியல் உண்மையைச் சட்டம் இங்கே ஏற்றுக்கொண்டது.

மறுதலையான தீர்ப்புகள் 1909இல் வந்தன. கிராஸ்ஃபீல்டு நிறுவனம் தன் சவர்க்காரத்துக்கு முழுநிறைவு எனப் பொருள்படும் ‘பெர்ஃபெக்‌ஷன்’ என்னும் சொல்லைக் கோரியது. நெடுங்காலம் வழங்கிய குறி அது எனக் காட்டியும் பதிவு மறுக்கப்பட்டது. அவ்வழக்கில் நீதிபதி கோசன்ஸ் ஹார்டி ஓர் உவமையைக் கையாண்டார். ஆங்கிலமொழி எல்லார்க்கும் உரிய பெரும் பொதுநிலம் என்றும், செல்வ வணிகர் அதன் ஒரு பகுதியை வேலியிட்டு இன்றைய மக்களையும் வருங்கால மக்களையும் விலக்கிவைக்க விழைகின்றனர் என்றும் அவர் கருத்துரைத்தார். ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலங்கள் வேலிக்குள் அடைபட்ட வரலாறு அவர்தம் நாட்டார்க்கு நன்கு தெரிந்த ஒன்று. நம் ஊர்களின் மந்தைவெளியை நினைத்தால் அவ்வுவமை நமக்கும் விளங்கும்.

அதே காலத்தில் ‘ஆர்ல்வூலா’ என்னும் சொல்லும் ஆராயப்பட்டது. முழுதும் கம்பளி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளை மாற்றி ஒரே சொல்லாக்கி இருந்தனர். துணி முழுதும் கம்பளியாயின் அச்சொல் வெறும் விளக்கம். அவ்வாறு அன்றெனில் அது பொய் என்று நீதிபதி பிளெட்சர் மௌல்டன் தருக்கம் அமைத்தார். எழுத்துப்பிழை புதுச்சொல்லைப் படைத்துவிடாது. செவியில் ஒலிப்பதே சொல் என்பது அதன் கருத்து. ரோமன் எழுத்தில் தமிழை எழுதும் நமக்கு இத்தீர்ப்பு மிகவும் வேண்டப்படுவது. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவர். நெடிலை ஒருவர் இரட்டிப்பர், மற்றொருவர் இரட்டியார். இவ்வேறுபாடுகளால் பழம் வேறொன்றாகிவிடாது.

துறப்பு என்னும் வாக்கியம்

விளக்கச்சொல்லை முழுதும் விலக்கினால் வணிகம் நடவாது. சீட்டில் பண்டத்தின் பெயர் இருக்கவேண்டும்; ஊரின் பெயரும் தரத்தைக் குறிக்கும் சொல்லும் இருக்கலாம். முழுச்சீட்டையும் குறியாகப் பதியும்போது இச்சொற்களும் உடன் பதிவாகிவிடும். பின்னர் உரிமையாளர் அவற்றையும் தமக்கே உரியவை எனக் கொள்ளக்கூடும். இச்சிக்கலைத் தீர்க்கவே, வணிகத்துக்குப் பொதுவான கூறுகளைக் குறியில் சேர்க்கலாம், ஆனால் அவற்றின்மீது தனியுரிமை இல்லை என விண்ணப்பத்தில் ஒப்பவேண்டும் என்னும் ஏற்பாடு 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1905, 1938ஆம் ஆண்டுச் சட்டங்களில் அது மேலும் செப்பமுற்றது. அச்சட்டங்களைப் பின்பற்றிய நாடுகளில் பதிவாளரே துறப்பை வற்புறுத்த அதிகாரம் பெற்றார்.

துறப்பு வாக்கியத்தின் அமைப்பும் ஆராயத்தக்கது. இங்கிலாந்து மரபில், இப்பதிவு இன்ன சொல்லைத் தனித்துப் பயன்படுத்தும் உரிமையைத் தராது என்று எழுதுவர். அங்கே எழுவாய் பதிவு. அமெரிக்க மரபில், காட்டப்பட்ட குறியினின்று பிரித்து இன்ன சொல்லைத் தனித்துப் பயன்படுத்தும் உரிமை கோரப்படவில்லை என்று எழுதுவர். அங்கே கோருபவர் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார். முன்னது அரசின் கூற்று. பின்னது விண்ணப்பதாரரின் கூற்று. இரண்டிலும் சொல் குறியினின்று நீங்குவதில்லை. சொல் நிற்கிறது, அதன்மேல் எழக்கூடிய வேலி மட்டும் நீங்குகிறது.

சொல் நீங்கவேண்டுவதில்லை என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1920இல் பெக்வித் வழக்கில் உறுதிசெய்தது. வெப்பமூட்டும் கருவி செய்த அந்நிறுவனத்தின் குறியில் செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் உருவமும் ‘மாய்ஸ்டேர் ஹீட்டிங் சிஸ்டம்’ என்னும் சொற்களும் இருந்தன. ஈரக்காற்றால் வெப்பமூட்டும் முறை என்பது அச்சொற்களின் பொருளாதலின் அவற்றைக் குறியினின்று அழிக்கவேண்டும் எனப் பதிவலுவலகம் கூறியது. அழித்தால் மக்கள் அறிந்த குறியே வேறுபட்டுவிடும். துறப்பு எழுதுவதே போதும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

துறப்பின் பயனை மிகத் தெளிவாக உணர்த்துவது இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கல்கத்தாவின் அசோக் சந்திர ரக்ஷித் நிறுவனம் நெய் விற்பது. அதன் குறியில் ‘ஸ்ரீ’ என்னும் சொல் அமைந்திருந்தது. அச்சொல்லின்மீது துறப்பு எழுதப்படவேண்டும் எனப் பதிவாளர் கோரினார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. உச்ச நீதிமன்றம் பதிவாளரின் கோரிக்கையை ஏற்றது. ‘ஸ்ரீ’ மங்கலச்சொல், கடிதத்தின் தலைப்பிலும் பெயரின் முன்னும் கணக்கேட்டின் தொடக்கத்திலும் மக்கள் எழுதுவது. அதனை நெய்க்கு ஒருவர் தமக்கே உரியதாக்கினால், வழக்கப்படி அச்சொல்லை எழுதும் பிற வணிகர் அச்சத்துக்குள்ளாவர். பதிவைக் காட்டி வரம்புமீறிய உரிமைகளைக் கோருவதைக் குறைப்பதே துறப்பின் நோக்கம் என அத்தீர்ப்பு விளக்கியது. துறப்பு பதிவினால் வரும் உரிமையை மட்டும் வரையறுக்கும். பயன்பாட்டால் ஈட்டிய நற்பெயரைக் காக்கும் பிற உரிமைகளைப் பறிக்காது என்றும் அது தெளிவுபடுத்தியது.

சிறுவணிகருக்கு இதனால் விளையும் காப்பு பெரிது. வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று கடைக்கு வந்தவுடன், அதனை எதிர்க்கும் பொருள்வலிமை இல்லாதவர் தம் பலகையை மாற்றிக்கொள்வதே இயல்பு. சொல் பொதுவானது என்று நீதிமன்றம் ஒருநாள் கூறக்கூடும். அந்நாள்வரை அவரால் காத்திருக்க இயலாது. பதிவேட்டிலேயே துறப்பு எழுதப்பட்டிருந்தால், வழக்கின்றியே அவர் அதனைச் சுட்டிக்காட்டலாம்.

தொகைச்சொற்களின் சிக்கல்

தனிச்சொல்லைவிடத் தொகைச்சொல்லே மிகுந்த வாதத்துக்கு இடமாகிறது. இரு விளக்கச்சொற்கள் கூடினால் விளைவதும் விளக்கச்சொல்தானா? குழந்தை அணையாடைக்கு உரிய ‘பேபி-டிரை’ என்னும் குறியை 2001இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆராய்ந்தது. குழந்தை, உலர்வு என்னும் இரு சொற்களும் பண்டத்தைச் சுட்டுவன. ஆயினும் அவற்றை அந்த வரிசையில் அடுக்குவது ஆங்கிலத் தொடரமைப்புக்கு இயல்பன்று. ஆதலின் அது புதுச்சொல்லாக்கமே என்று நீதிமன்றம் முடிவு கூறியது. ஒரு தீர்ப்பின் அடித்தளமாகத் தொடரியல் அமைந்தது மொழியாராய்ச்சியாளர்க்கு வியப்பூட்டுவது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2003இல் மெல்லும் பசைக்கு உரிய ‘டபுள்மின்ட்’ என்னும் குறி வந்தது. இருமடங்கு புதினா என்றும், இருவகைப் புதினா என்றும் அதனை விரிக்கலாம். பொருள் உறுதியாக இல்லாமையால் அது விளக்கச்சொல் ஆகாது என வாதிட்டனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கொள்ளக்கூடிய பொருள்களுள் ஒன்றேனும் பண்டத்தின் தன்மையைச் சுட்டுமாயின் பதிவை மறுக்கலாம் என்றது.

தொகைச்சொல் பலவாறு விரியும் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. ‘பொன்மணி’ என்பதைப் பொன்னாலாகிய மணி, பொன்னொடு சேர்ந்த மணி, பொன்னும் மணியும் எனப் பலவாறு விரித்துக் காட்டுவர் உரையாசிரியர். அணிகலனுக்கு ஒருவர் அப்பெயரைக் கோரினால், எவ்வாறு விரித்தாலும் பண்டத்தையே அது சுட்டும். அன்மொழித்தொகையின் நிலை வேறு. பொற்றொடி என்னுங்கால் பொன்னையும் தொடியையும் கடந்து, அவற்றை அணிந்த பெண்ணை அச்சொல் குறிக்கிறது. கூறுகளைக் கடந்து வேறொன்றைச் சுட்டும் ஒருமைப்பட்ட குறிக்கு, அதன் கூறுகளைப் பிரித்துத் துறப்புக் கேட்பதில்லை என்னும் அமெரிக்கப் பதிவுமுறை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இவ்வகை வினாக்களைச் சந்தித்துள்ளன. 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘காஃபிமிக்ஸ்’ என்பது பண்டத்தை விளக்கும் சொல் எனக் கொண்டு, அதனை ஒரு நிறுவனத்தின் தனியடையாளமாக ஏற்க மறுத்தது. 2008இல் உயர் நீதிமன்றம், அணிகலன்களுக்குக் காதல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் வேறுபடுத்தும் தன்மை அற்றது எனத் தீர்த்தது. மலேசியாவில் ‘மெக்கறி’ உணவகத்தின்மீது பன்னாட்டு உணவு நிறுவனம் தொடுத்த வழக்கு 2009இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. அது பதிவு பற்றிய வழக்கன்று. நற்பெயரைத் தனதாக்கிக்கொள்ளல் பற்றியது. எனினும் ஒரு முன்னொட்டைத் தமக்கே உரியதாக்க இயலாது என்னும் முடிவு நம் பொருளோடு தொடர்புடையது.

வேற்றுமொழிச் சொல்லும் தமிழும்

இதுகாறும் கண்டவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்கள். அவற்றின் பொருளைப் பதிவலுவலர் தாமே அறிவர். அவர் அறியாத மொழியின் சொல் வந்தால் என்ன ஆகும்?

நாடுகள் இதற்கு வெவ்வேறு விடை தந்துள்ளன. 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆராய்ந்த வழக்கில், மெத்தைக்கு ‘மாட்ராட்ஸன்’ என்னும் குறி ஸ்பெயினில் பதிவாகியிருந்தது. செருமானிய மொழியில் அச்சொல்லுக்கு மெத்தை என்பதே பொருள். ஸ்பெயினின் வணிகரும் நுகர்வோரும் அப்பொருளை அறியக்கூடியவர் அல்லராயின் பதிவு செல்லும் என நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவிலோ, பலரறிந்த வேற்றுமொழிச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்து, அதன்பின் விளக்கச்சொல்லா என ஆராயும் கோட்பாடு உண்டு. இந்தியாவில் 1955இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், சமையல் எனப் பொருள்படும் ‘ரசோயி’ என்னும் சொல்லைச் சமையல் எண்ணெய்க்குப் பதிய இயலாது எனத் தீர்த்தது. பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பினும் சந்தையின் மொழியே அளவுகோல் என்பது அதனால் விளங்கும்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. இங்கு வணிகக்குறிப் பதிவு 1938ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. இன்றைய சட்டம் 1999 சனவரி 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ரோமன் அல்லாத எழுத்தோ ஆங்கிலம் அல்லாத சொல்லோ குறியில் இருந்தால், விண்ணப்பதாரர் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தரவேண்டும். மலேசியாவிலும் தேசிய மொழியோ ஆங்கிலமோ அல்லாத சொற்களுக்கு அவை தேவை. அம்மொழிபெயர்ப்பு வரி சிறியது. ஆனால் பதிவேட்டில் தமிழ்ச்சொல் தன் பொருளைத் தானே கூறும் இடம் அது ஒன்றுதான். அங்கே கூறத் தவறினால், இனப்பெயர் ஒன்று புனைசொல்போல உள்ளே நுழைந்துவிடலாம்.

தவறுவதற்குப் பொய்யுரைக்கவேண்டும் என்பதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே போதும். ‘வெற்றிலை’ என்பதை வெறுமை, இலை எனப் பிரித்து வெற்று இலை என்று ஆங்கிலத்தில் தந்தால், அது ஒரு கவிஞரின் புனைவு போலத் தோன்றும். தாம்பூலத்துக்கு உரிய கொடியின் இலை என்பதே அதன் வழக்குப்பொருள். ‘நல்லெண்ணெய்’ என்பதை நல்ல எண்ணெய் எனப் பெயர்த்தால், அது வெறும் புகழ்ச்சிச்சொல் எனப் படும். எள்ளின் நெய்யே எண்ணெயாகி, பின்னர் அச்சொல் எல்லா நெய்மங்களுக்கும் பொதுவாகிவிட, பழைய பொருளைக் குறிக்க ‘நல்’ என்னும் அடை வேண்டியதாயிற்று. இன்று அது எள்ளெண்ணெயின் இனப்பெயர். ‘சோலியோ’ வழக்கின் நெறியை இங்கே நினைவுகூரலாம்: பதிவேட்டுக்கு வேண்டியது வேர்ப்பொருள் அன்று, கடையில் அச்சொல்லைக் கேட்பவர் கைநீட்டி வாங்கும் பொருள். ஆகவே தகுந்த மொழிபெயர்ப்பு, சொல்லின் பகுப்பையும் வழக்குப்பொருளையும் ஒருங்கே தருவதாக இருக்கவேண்டும்.

துறப்பு தேய்ந்துவரும் காலம்

கட்டாயத் துறப்பு இன்று பல நாடுகளில் மறைந்துவருகிறது. இங்கிலாந்தின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் துறப்பை விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு விட்டது. சிங்கப்பூரின் சட்டமும் அவ்வழியே சென்று, முப்பதாம் பிரிவில் உரிமையாளர் தாமே துறக்கலாம் என்கிறது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம், முழுக்குறிக்கு உரிமை கிடைப்பினும் அதன் பொதுக்கூறுகளின்மீது தனியுரிமை இல்லை எனப் பதினேழாம் பிரிவில் பொதுவிதியாகவே வகுத்துவிட்டது. பொதுவிதி இருக்கையில் ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியே துறப்பு எதற்கு என்பது மாற்றத்தை ஆதரிப்போர் வாதம். பண்டத்தின் வகையையும் தரத்தையும் நேர்மையாகக் குறிக்க ஒரு சொல்லைப் பயன்படுத்துவது உரிமைமீறல் ஆகாது எனச் சிங்கப்பூர்ச் சட்டத்தின் இருபத்தெட்டாம் பிரிவும் காப்பளிக்கிறது.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் பொதுவிதி எல்லாச் சொற்களையும் காப்பதாகச் சொல்லும்போது, எந்தச் சொல் பொது என்பதை ஒவ்வொரு முறையும் யாரேனும் நிறுவவேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லாயின் நீதிபதியே அதனை அறிவார். தமிழ்ச்சொல்லாயின் அகராதியும் சான்றாளரும் தேவை. துறப்பு வரி முன்பு செய்த பணியின் ஒரு பகுதி இவ்வாறு மொழியறிந்தோர் தோளுக்கு மாறியுள்ளது.

இது குறித்து நம்மால் இயல்வன சில. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் வெளியிடப்பட்டபின், எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதக் காலம் உண்டு. அவ்வெளியீடுகளில் வரும் தமிழ்ச்சொற்களைத் தமிழமைப்புகள் பார்த்துவருவது பெருஞ்செலவு வேண்டாத பணி. உணவு, உடை, அணிகலன், மருந்து ஆகிய துறைகளில் வழங்கும் இனப்பெயர்களை, அவற்றின் ரோமன் எழுத்து வேறுபாடுகளுடனும் வழக்குப்பொருளுடனும் தொகுத்த சொற்பட்டியல் ஒன்று அமைந்தால், பதிவலுவலர்க்கும் விண்ணப்பதாரர்க்கும் ஒருங்கே பயன்படும். மொழிபெயர்ப்பாளர் தம் சான்றொப்பத்தை இடும்முன், கடைவழக்கில் அச்சொல் எதனைக் குறிக்கிறது என ஒருமுறை கேட்டறிதல் வேண்டும்.

தம் உழைப்பால் பெயர்பெற்ற வணிகர் தம் குறியைக் காத்துக்கொள்வது நியாயமே. தமிழில் புதுச்சொல் படைத்துப் பண்டத்துக்கு இடுவோர் மொழிக்கு வளம் சேர்ப்போரும் ஆவர். வெற்றிலையையும் நல்லெண்ணெயையும் புழுங்கலையும் தலைமுறை தலைமுறையாக விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து ஆக்கிய சொற்களோ அவ்வனைவர்க்கும் உரியன. அவற்றைப் பதிவேட்டின் மொழிபெயர்ப்பு வரியில் உள்ளவாறு எழுதிவைப்பது, அவற்றை நாளை எழுதப்போகும் சிறுகடைக்காரருக்கு நாம் இன்று செய்யக்கூடிய உதவியாகும்.